கம்பளி ஐயாவுக்கு வெட்டிய பாதை

எனக்குப் பதினொரு வயது நடந்த காலத்தில் எங்கள் வீட்டின் ஆங்கிலம் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் எடுப்பது, வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் படித்து விளங்கப்படுத்துவது, அப்பாவுக்கு வலிப்பது இடுப்பா முதுகா என்று டொக்டருக்குச் சொல்வது, எல்லாம் நான்தான். பெற்றோர் சந்திப்பு நாளில் ரீச்சர் என்னைப் பற்றி அடுக்கிய குறைகளை அம்மாவுக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். அன்று அம்மா மிகவும் சந்தோசமாக வீடு திரும்பினார்.

ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், மல்வேர்னில், ஒரு முட்டுத் தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். தெருவின் ஒரு முனை பெரிய வீதியில் திறக்கும். மறுமுனை ஒரு கம்பிவேலியோடு முடிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள், எல்லாமாகப் பதினெட்டு. ஆறு வருடம் அங்கே இருந்தும் ஒருவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது. காரை அடையாளம் வைத்துத்தான் ஆட்களைச் சொல்வோம். சிவப்புக் கார்க்காரர், கண்ணாடி உடைந்த கார்க்காரர், வெள்ளை வான்காரர். எங்களிடம் கார் இல்லை. அவர்கள் எங்களை என்னவென்று சொன்னார்களோ தெரியாது.

அந்த வருடம் இலை உதிர் காலத்தில் அப்பாவின் முதுகு பிடித்துக்கொண்டது. பண்டகசாலையில் பெட்டி தூக்கும் வேலை. மூன்று பேர் தூக்குகிற பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டியதன் பலன். ஆறு மாதத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் பெரிய குசினி ஒன்றில் வேலை. மத்தியானம் ஒரு வான் வந்து ஏற்றிப்போகும். நான் நித்திரையான பிறகுதான் கொண்டுவந்து விடும். இந்த நிலைமையில், வாசலிலும் நடைபாதையிலும் பனியை வாடகைக்கு இருப்பவர்களே அகற்ற வேண்டும் என்று சொந்தக்காரரின் கடிதம் வந்தது. படித்துச் சொன்னது நான்.

யாரோ கோயிலில் அம்மாவுக்கு ஒரு வழி சொன்னார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சமூக நிலையத்தில் பதிந்தால், இயலாத வீடுகளுக்கு ஆட்கள் வந்து இலவசமாகப் பனி தள்ளிவிடுவார்களாம். ஒரு காலமை அம்மாவும் நானும் போனோம். அங்கே மார்லீன் என்றொரு பெண் இருந்தார். காதில் வளையல் அளவுக்குத் தோடு. போனில் பேசிக்கொண்டே, மேசையைப் பார் என்று எனக்குக் கையைக் காட்டினார். மேசையில் இரண்டு அடுக்குப் படிவங்கள். இரண்டிலும் ஒரே பனிமனிதன் சிரித்துக்கொண்டு நின்றான். இரண்டின் தலைப்பும் ஒன்றுதான். தலைப்புக்குக் கீழே இருந்த சின்ன எழுத்து வரி மட்டும் வேறு. சின்ன எழுத்தை எல்லாம் வாசிக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை. கைக்குக் கிட்ட இருந்ததை எடுத்தேன்.

கேள்விகள் சுலபமாகத்தான் இருந்தன. வீட்டில் சவல் இருக்கிறதா? பனி தள்ளுகிற சவல் ஒன்று இருந்தது. ஓம் என்று எழுதினேன். எந்த நாட்களில், எந்த நேரம் வசதி? அம்மாவைக் கேட்டேன்.

"காலமையிலை எல்லா நாளும் வீட்டிலைதானே நிக்கிறன்," என்றார் அம்மா.

எல்லா நாளும், காலை, என்று எழுதினேன். கடைசிக் கேள்வி கொஞ்சம் வினோதமாக இருந்தது. இந்தத் திட்டத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்? இதைக்கூடவா கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'ஏனென்றால் என் அப்பாவின் முதுகு முறிந்துவிட்டது, பனி வரப்போகிறது.' அம்மா கையெழுத்து வைத்தார். மார்லீன் போனைக் காதில் வைத்தபடியே படிவத்தை வாசித்தார். பிறகு எழும்பி வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். கனடாவில் உதவி கேட்கிறவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று அம்மா வழியெல்லாம் வியந்துகொண்டு வந்தார்.

முதல் பனி டிசம்பரில் ஒரு சனிக்கிழமை விடியப் பெய்தது. அம்மா ஏழு மணிக்கே எழும்பி, வருகிறவர்களுக்கென்று தேத்தண்ணி ஊற்றிப் பிளாஸ்க்கில் வைத்தார். ஒரு தட்டில் மீன் ரோல். யன்னல் சீலையை விலக்கிவிட்டுக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். எட்டு மணியாகியும் ஒருவரும் இல்லை. எட்டரைக்கு ரெலிபோன் அடித்தது. எடுத்தது நான். மார்லீனின் குரல் மிகவும் உற்சாகமாக இருந்தது. எங்களுக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டதாம். தூரமில்லை, எங்கள் தெருவிலேயே, வேலியோரத்துக் கடைசி வீடு. அங்கே மிஸ்டர் கம்பெல் என்ற வயதானவர் தனியே இருக்கிறார். பத்து மணிக்கு முன்னர் அவருடைய வாசலைத் துப்புரவாக்கிவிட முடியுமா என்று கேட்டார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. நான் நிரப்பிக் கொடுத்தது உதவி கேட்பவர்களின் படிவம் அல்ல, உதவி செய்ய முன்வருகிறவர்களின் படிவம். மொழிபெயர்ப்பில் எவ்வளவோ தில்லுமுல்லு செய்து பழகியவள்தான், ஆனால் இதை எப்படித் திருப்பிச் சொன்னாலும் சரிவராது. உள்ளபடி சொன்னேன்.

அப்பா கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாயிருக்கு. உதவி கேக்கப் போனவை வேலையை வாங்கிக்கொண்டு வந்திருக்கினம்," என்றார். "போன் எடுத்துப் பிழையெண்டு சொல்லு பிள்ளை. ஒரு நிமிசக் கதை."

நான் போனைத் தூக்கினேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொறு. அந்த மனிசனுக்கு ஆக்கள் வருகினம் எண்டு சொல்லிப்போட்டினமோ?"

"ஓம். பத்து மணிக்கு முன்னம் எண்டு சொல்லியிருக்கினமாம்."

 அம்மா அப்பாவின் பெரிய குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அது அவருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"நானும் ஏழு மணியிலையிருந்து யன்னலாலை பாத்துக்கொண்டுதானே இருந்தனான்," என்றார். "அந்த மனிசனும் இப்ப இப்பிடித்தான் பாத்துக்கொண்டிருக்கும். வா பிள்ளை."

மிஸ்டர் கம்பெல் யமேக்காவிலிருந்து வந்தவர். நாற்பது வருடம் இரும்பு ஒட்டும் வேலை செய்து ஓய்வெடுத்தவர் என்பதைப் பிறகு அறிந்துகொண்டோம். கதவைத் திறந்தபோது கோட்டும் கழுத்துப் பட்டியும் தொப்பியும் அணிந்திருந்தார். அம்மாவை ஒரு தடவை, என்னை ஒரு தடவை, அம்மாவின் கையிலிருந்த சவலை ஒரு தடவை பார்த்தார். தான் இரண்டு பலசாலிப் பெடியன்களைக் கேட்டதாகவும், ஒரு குளிர்ச்சட்டையையும் ஒரு சின்னப் பிள்ளையையும் அனுப்பியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"உங்களைக் கண்டது சந்தோசமாம்," என்றேன்.

"கும்பிடுறன் ஐயா எண்டு சொல்லு."

அம்மா வேலையை விரைவாக முடிப்பார் என்று அவருக்குச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மாவின் வாய்க்குக் கம்பெல் என்பது வரவில்லை. இரண்டாம் நாளே அவர் கம்பளி ஐயா ஆகிவிட்டார். கம்பளி ஐயா யன்னலுக்குள் இருந்து பொல்லால் கண்ணாடியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் அங்கே விட்டுவிட்டாய் என்று பொருள். இரண்டு தட்டு என்றால் தூக்காதே, தள்ளு. முதல் கிழமை அம்மா மண் அள்ளுவதுபோலப் பனியை அள்ளித் தோளுக்கு மேலால் வீசினார். காற்று அதைக் கொண்டுவந்து அவர் முகத்திலேயே கொட்டியது. மூன்றாம் கிழமை சவலை இடுப்பில் முட்டுக்கொடுத்து நேராகத் தள்ளிக்கொண்டு போக, பனி இரண்டு பக்கமும் பிரிந்து விழுந்தது. அன்று கண்ணாடி ஒருதரமும் தட்டப்படவில்லை. அவருடைய வாசலை முடித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலைத் தள்ளுவோம். மத்தியானம் வான் வரும், அம்மா வேலைக்குப் போவார்.

தை மாதத்தில் மார்லீன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு வாளி உப்பும், இன்னொரு சவலும், செம்மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் கையில்லாத சட்டை இரண்டும் கொண்டுவந்தார். கதிரையில் இருந்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். படிவத்தின் கடைசிக் கேள்விக்கு நாங்கள் எழுதிய பதிலைத் தங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினாராம். தங்கள் வீட்டில் இவ்வளவு கஷ்டம் இருக்க, பனி வருகிறது என்றதும் மற்றவர்களை நினைத்த ஒரு குடும்பம் என்று சொன்னாராம். கூட்டத்தில் ஒரே அமைதியாம்.

நான் இதை ஒரு சொல்லும் மாற்றாமல் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மார்லீனும் கண்ணைத் துடைத்தார்.

"சொல்லிப்போடாதை பிள்ளை," என்றார் அம்மா. "அப்பிடியே இருக்கட்டும்."

அப்பா அந்தச் சிரிப்பில் சேரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் குறைவாகத்தான் பேசினார். அம்மாவும் நானும் சவலோடு வெளிக்கிடும்போது யன்னலை விட்டு எழும்பி உள்ளே போய்விடுவார். எதிர்வீட்டுக்காரரோடு வேறு அவருக்கு மனத்தாங்கல். அவரிடம் பனியை உறிஞ்சித் தூர வீசும் மெசின் ஒன்று இருந்தது. அது வீசிய பனி ஒருநாள் எங்கள் வாசலில் விழுந்தது. வேண்டுமென்றே செய்தார் என்பது அப்பாவின் கட்சி. சண்டை எதுவும் நடக்கவில்லை. முன்பு கண்டால் தலையை ஆட்டுவார்கள், இப்போது அதுவும் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு தொடங்கிய பனி ஞாயிறு பின்னேரம்வரை நிற்கவேயில்லை. பள்ளிக்கூடம் பூட்டு. அம்மாவின் வான் வரவில்லை. வெள்ளிக்கிழமை தள்ளிய இடத்தைச் சனிக்கிழமை தேட வேண்டியிருந்தது. காற்று பனியை அள்ளிக்கொண்டுவந்து எங்கள் தெருவுக்குள் அடைத்தது. தெருவில் நின்ற கார்கள் வெள்ளை மேடுகளாயின. நகரசபையின் பனி வழிக்கும் லொறிகள் பெரிய வீதிகளில் இரவு பகலாக ஓடின. ஆனால் எங்களுடையதைப் போன்ற முட்டுத் தெருக்களுக்கு அவை கடைசியாகத்தான் வரும். கடைசி என்பது எந்த நாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மார்லீன் போன் எடுத்தார். இந்த முறை குரலில் உற்சாகம் இல்லை. கம்பளி ஐயாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெசின் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு திங்களும் புதனும் வெள்ளியும் ஒரு பஸ் வந்து அவரை ஏற்றிப்போவதைக் கண்டிருக்கிறோம், காரணம் அன்றுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவர் போகவில்லை. இன்றும் போகாவிட்டால் ஆபத்து என்று ஆஸ்பத்திரித் தாதி சொல்லியிருக்கிறார். அம்புலன்ஸ் கூப்பிடுவோம் என்றால், வாய் பேசக்கூடியவரை தனக்கு அம்புலன்ஸ் வேண்டாமென்று பிடிவாதம் பிடிக்கிறார். பஸ் பத்தரைக்கு வரும், ஆனால் எங்கள் தெருவுக்குள் வராது. பெரிய வீதிச் சந்தியில் நிற்கும். அதுவும் பத்து நிமிடம்தான். வேறு தொண்டர்கள் ஒருவராலும் வீட்டைவிட்டு வெளிக்கிட முடியவில்லை. உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள், உடம்பை வருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு மார்லீன் போனை வைத்தார்.

நாங்கள் போனபோது கம்பளி ஐயா கழுத்துப் பட்டியோடும் தொப்பியோடும் சில்லுக் கதிரையில் ஆயத்தமாக இருந்தார். முகம் ஊதியிருந்தது. கால் சப்பாத்துக்குள் போகாமல் அரைவாசியில் நின்றது. என்னிடம், நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல் என்றார். மூச்சு எடுத்து எடுத்துத்தான் சொன்னார்.

"என்னவாம்?"

"கெதியாத் தொடங்கட்டாம்."

அம்மா அவருடைய படியில் நின்று தெருவைப் பார்த்தார். அந்தத் தெருவை நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடி இரண்டு நிமிடத்தில் கடந்திருக்கிறேன். அன்று அது முடிவில்லாமல் தெரிந்தது. பனி எனக்கு இடுப்புக்கு மேலே நின்றது. சில்லுக் கதிரை போகிற அகலத்துக்கு, வேலியோரத்திலிருந்து சந்திவரை வெட்ட வேண்டும். இரண்டு பேர், இரண்டு சவல், மூன்று மணித்தியாலம்.

அம்மா தொடங்கினார். மேல் பனி பஞ்சு மாதிரி வந்தது. அடியில் வெள்ளிக்கிழமைப் பனி இறுகிப்போய்க் கிடந்தது. அம்மா வெட்டித் தர, நான் அள்ளி ஓரத்தில் போட்டேன். ஓரம் உயர உயர, போட்டது திரும்பிச் சரிந்து விழுந்தது. என் கையுறை நனைந்து விறைத்துவிட்டது. எட்டேகால் மணிக்கு நான் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு வீட்டைத்தான் தாண்டியிருந்தோம். ஒரு பக்கத்தில் ஒன்பது வீடு. கணக்கு எனக்கு நன்றாகவே வரும்.

"அம்மா, இது முடியாது," என்றேன்.

"தெரியும். நீ அள்ளு," என்றார்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அப்பா சாரத்துக்கு மேலே ஒரு பழைய குளிர்ச்சட்டையும், ஒரு கையில் வாசல் கூட்டுகிற தும்புத்தடியுமாகப் படியில் நின்றார்.

"இஞ்சேருங்கோ, உள்ளை போங்கோ. விழுந்தால் நான் உங்களையும் தூக்கேலாது," என்று அம்மா சத்தம் போட்டார்.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். மூன்று மாதமாக உள்ளே இருந்தவரின் முகம் வெளிச்சத்தில் வெளிறித் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போக வேணும், பத்தரைக்குப் பஸ், ஒருக்கால் வாங்கோ எண்டு இங்கிலிஸிலை எப்பிடிச் சொல்றது? சுருக்கமாச் சொல்லு."

சொல்லிக்கொடுத்தேன். நாலு தரம் சொல்லிப் பார்த்தார். பண்டகசாலை ஆங்கிலம் அவரிடம் இருந்தது. வெளியில் பேசத்தான் கூச்சம். பிறகு தும்புத்தடியை ஊன்றி, ஒவ்வொரு அடியாகப் பனிக்குள் காலை விட்டு எடுத்து, நேரே எதிர்வீட்டுக்குப் போனார். அந்தப் பத்து மீற்றர் தூரத்துக்கு அவருக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. இடையில் ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்தார். அம்மா வெட்டுவதை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. மெசின்காரர் அப்பாவைப் பார்த்தார். சாரத்தைப் பார்த்தார். அப்பா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "மிஸ்டர் கம்பெல். ஹொஸ்பிற்றல். ரென் தேர்ட்டி பஸ். ப்ளீஸ் கம்." அவர் ஏதோ கேட்டார். அப்பா எங்களைக் கையால் காட்டினார். கதவு சாத்தப்பட்டது. அப்பா முகத்தைத் திருப்பாமல் அடுத்த கதவுக்கு நடக்கத் தொடங்கினார். அவர் அங்கே போய்ச் சேருமுன் பின்னால் மெசின் உறுமியது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியவில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. கண்ணாடி உடைந்த கார்க்காரி ஒரு பிலிப்பினோத் தாதி. தன்னுடைய உயரமான மகன்மார் இரண்டு பேரையும் கட்டிலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். டயலிசிஸ் என்ற சொல்லை நான் சொன்னதும், விளக்கம் கேளாமல் கம்பளி ஐயாவின் வீட்டுக்குள் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். சிவப்புக் கார்க்காரர் ஒரு தமிழர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மட்டக்களப்புப் பக்கம். கலியாணம் முடித்து ஒரு வருடம், அடுத்த மாதம் அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போகிறார்களாம். "அன்ரி, நீங்க கொஞ்சம் இருங்க, நாங்க பாக்கம்," என்று அவர் அம்மாவின் சவலை வாங்கப் பார்த்தார். அம்மா கொடுக்கவில்லை. சவல் இல்லாதவர்கள் சட்டி கொண்டுவந்தார்கள். ஒருவர் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பிளாஸ்ரிக் தட்டால் அள்ளினார். அப்பா கதவு கதவாகப் போய்க்கொண்டே இருந்தார். அவருடைய குரல் வீட்டுக்கு வீடு பெரிதானது. பத்தாவது வீட்டில் அவர் ப்ளீஸ் என்பதை விட்டுவிட்டார்.

பத்து மணிக்குச் சந்திக்கு வந்துவிட்டோம். சந்தியில் மெசின் நின்றுவிட்டது. பெரிய வீதியை வழித்த லொறிகள் மூன்று நாளாக ஒதுக்கிய பனி, எங்கள் தெருவின் வாயில் மதில் மாதிரி அம்மாவின் உயரத்துக்கு நின்றது. பனி என்று சொல்ல முடியாது, உப்பும் ஊத்தையும் கலந்த கல். மெசின் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு உறுமிக்கொண்டு பின்வாங்கியது. பிறகு கையால்தான். எட்டுப் பேர் முறைவைத்துக் கொத்தினார்கள். மெசின்காரர் கொத்துவதற்கு நீளமான இரும்பு அலவாங்கு ஒன்று கொண்டுவந்தார். பத்து இருபதுக்கு மதிலின் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. பத்து இருபத்தைந்துக்குக் கதிரை போகிற அளவுக்கு வாசல் திறந்தது. ஆட்கள் கையைத் தட்டினார்கள். பெடியன்கள் இரண்டு பேரும் கம்பளி ஐயாவைக் கொண்டுவர ஓடினார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய வீதியில், இடது பக்கத்திலிருந்து, பனி வழிக்கும் லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. தெருவையே மறைக்கிற பெரிய தகடு. அது தள்ளிக்கொண்டு வந்த பனி அலைபோல ஓரத்தில் புரண்டு விழுந்தது. நாங்கள் இப்போதுதான் திறந்த வாசலை அது அரை நிமிடத்தில் திரும்ப அடைத்துவிடும். அதற்குப் பின்னால், தூரத்தில், பஸ்ஸின் வெளிச்சமும் தெரிந்தது. ஆட்கள் கையைக் காட்டினார்கள், சத்தம் போட்டார்கள். மதிலுக்கு உள்ளே நின்று போட்ட சத்தம் யாருக்குக் கேட்கும்?

அம்மா வெட்டிய வாசலால் வெளியே போனார். வீதியோரத்தில் நின்று சவலைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். பஸ்ஸில் இறங்குவதற்கு மணிக்கயிற்றை இழுக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இழுக்கும்வரை இருந்து, இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கி நடந்து வருகிற என் அம்மா. செம்மஞ்சள் சட்டை, அதற்குக் கீழே அப்பாவின் குளிர்ச்சட்டை, தலைக்கு மேலே சவல். லொறி ஹோர்ன் அடித்தது. அம்மா அசையவில்லை. திரும்பவும் நீளமாக அடித்தது.

"நில்லு," என்றார் அம்மா. தமிழில்தான் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

லொறி நின்றது. அம்மாவுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு கார் நிற்கிற இடைவெளி இருந்தது. சாரதி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், மதிலில் வெட்டிய வாசலைப் பார்த்தார், அதற்குள்ளே நீண்டு போன பாதையையும் அதில் சவலும் சட்டியுமாக நின்ற ஆட்களையும் பார்த்தார். பாதையின் தூரத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவர் சில்லுக் கதிரையில் குலுங்கிக் குலுங்கி வந்துகொண்டிருந்தார்.  அந்தப் பெரிய தகடு மெல்ல நிலத்தை விட்டு மேலே எழும்பியது. அம்மா ஒதுங்கி நிற்க, தூக்கிய தகட்டோடு லொறி எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. தாண்டி அப்பால் போனதும் தகட்டை இறக்கி, சின்னதாக இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது. அதன் பின்னாலேயே பஸ் வந்து நின்றது.

கம்பளி ஐயா பாதையால் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முன்னுக்கு ஒரு பெடியன் கதிரையைத் தூக்க, பின்னுக்கு மற்றவன் தள்ள, பக்கத்தில் தாதி, பின்னால் மெசின்காரர், எல்லாருக்கும் பின்னால் தும்புத்தடியோடு அப்பா. கம்பளி ஐயா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எல்லாரும் பயந்துவிட்டோம். அவர் பொல்லை நீட்டி, ஓரத்தில் சரிந்து கிடந்த ஒரு கட்டியைக் காட்டினார். அம்மா போய் அதைச் சவலால் தள்ளினார். அவர் தலையை ஆட்டினார், கதிரை நகர்ந்தது. தெருவே சிரித்தது. பஸ்ஸில் ஏறும்போது அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அவர் தலையில் ஒரு முடிகூட இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் ஏதோ சொன்னார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். "எனக்கு விளங்கினது," என்றார் அம்மா.

கம்பளி ஐயா அன்று பின்னேரம் திரும்பி வந்தார். அதே பாதையால், அதே பெடியன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகும் பல குளிர்காலம் யன்னலுக்குள் இருந்து கண்ணாடியைத் தட்டினார்.

நான் சொல்ல வந்தது பஸ் போன பிறகு நடந்தது. மணி பதினொன்றும் ஆகவில்லை. வேலை முடிந்துவிட்டது. எனக்குக் கால் விறைத்து, விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எல்லாரும் இனி வீட்டுக்குள் ஓடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் போகவில்லை. வெட்டிய பாதையிலேயே நின்றார்கள். தாதி ஒரு பெரிய கேத்திலில் கோப்பி கொண்டுவந்தார். அஜக்ஸுக்குப் போக இருந்தவரின் மனைவி பிஸ்கட் கொண்டுவந்தார். மெசின்காரர் உள்ளே போய் ஒரு குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பனிக்குள் வைத்து, அப்பாவைக் கையால் பிடித்து அதில் இருத்தினார். அப்பா சாரத்தை மடித்துக்கொண்டு, ஒரு கலியாண வீட்டில் இருப்பதுபோல இருந்தார். மெசின்காரர் மெசினின் மூடியைத் திறந்து ஏதோ விளக்க, அப்பா குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். அவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

நான் அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, உள்ளை போவம். குளிருது."

"கொஞ்சம் நில்லு பிள்ளை."

"எல்லாம் முடிஞ்சுதுதானே. இனி ஏன் நிக்கிறியள்?"

 அம்மா சவலில் இரண்டு கையையும் ஊன்றி, அதன்மேல் நாடியை வைத்து, தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக அவர் அந்தத் தெருவில் நின்றதெல்லாம் வான் வருவதற்காக. கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. அன்று வான் இல்லை. அவர் எதற்கும் காத்திருக்கவில்லை. சும்மா நின்றார். கடந்து போனவர்கள் அவருடைய தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வேலையும் இல்லாமல், இந்தக் குளிரில், உள்ளே சூடான வீடு இருக்க, பெரிய ஆட்கள் ஏன் இப்படித் தெருவில் நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை. காலை உதைத்துக்கொண்டு நான் மட்டும் தனியே வீட்டுக்குள் போனேன்.